மூக்கில்லாத நிழல்

ஊத்துக்காரன்பாளையத்தில் வியாழக்கிழமைதோறும் கூடுகிற சந்தைக்கு, மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காய்களெல்லாம் தங்கள் சொந்த நிழலை எங்கேயோ விட்டுவிட்டு வந்து சேர்ந்தன. தக்காளி தக்காளியாகத்தான் இருந்தது, கத்தரி கத்தரியாகத்தான் இருந்தது, விலையும் போன வாரத்து விலைதான். ஆனால் வெயில் ஏறி வேப்பமரத்தைத் தாண்டியதும், சாக்கு விரிப்பின்மேல் விழுந்தது காயின் நிழலாக இல்லாமல், அந்தக் காயை வளர்த்த ஆளின் நிழலாக இருந்தது. தக்காளிக்குக் கீழே கட்டைவிரல் உயரத்தில் ஒருவன் மண்வெட்டியால் மடை திருப்பிக்கொண்டிருந்தான். சுரைக்காய்க்குக் கீழே முழங்கை நீளத்தில் ஒருத்தி களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். பூசணிக்குக் கீழே பூனை அளவில் ஒரு கிழவர் உட்கார்ந்து பீடி பிடித்தார். பீடிப் புகைக்குக்கூட நிழல் இருந்தது.

முதலில் கண்டவள் எலுமிச்சை விற்கிறவள். எறும்பு என்று நினைத்து முந்தானையால் தட்டிவிட்டுப் பார்த்தாள், போகவில்லை. சாக்கை உதறிப் பார்த்தாள், போகவில்லை. "இருந்துட்டுப் போகட்டும், எலுமிச்சங்காயைத் திங்காம இருந்தாச் செரி" என்று சொல்லிவிட்டு மறுபடி கூவ ஆரம்பித்தாள். அன்றைக்குக் கொண்டுவந்ததை அன்றைக்கே விற்றாக வேண்டும் என்கிற இடத்தில் அதற்குமேல் ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. வியாபாரிகள் முதலில் தார்ப்பாயை இழுத்துக் கட்டி நிழலை மறைத்துப் பார்த்தார்கள். வாங்குகிறவர்கள் விடவில்லை, "வெயிலுக்குக் கொண்டாங்க" என்பது விலை கேட்பதற்கு முன்னால் கேட்கிற பேச்சாயிற்று. மேகம் மூடிய வியாழக்கிழமையில் வியாபாரம் படுத்தது. பேரூராட்சிக்காரர்கள், நிழலைப் பார்த்து வாங்கவும், பிறகு வரும் புகார்கள் ஏற்கப்படமாட்டா என்று ஒரு பலகை வைத்தார்கள். வெளியூரிலிருந்து கேமராவோடு வந்தவர்கள் எடுத்த படத்திலெல்லாம் வெறும் காய் நிழலே விழுந்திருந்ததால், அவர்கள் ஆளுக்கொரு இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பெண் கொடுக்கிற வீட்டார், மாப்பிள்ளை வீட்டு அவரைக்காயை வாங்கிவந்து வெயிலில் வைத்து, பையன் நிஜமாகவே காட்டில் விவசாய வேலை பார்க்கிறானா அல்லது கிணற்று மேட்டில் படுத்துக் கிடக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் தாம்பூலம் மாற்றினார்கள். தங்கள் நிழல் சந்தைவரைக்கும் போகிறது என்று தெரிந்த பிறகு, காட்டுக்குப் போகிற பெண்கள் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு போனார்கள். ஆண்கள் ஒன்றுக்குப் போக வேலியைத் தாண்டிப் போனார்கள்.

இவ்வளவும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் நிழல்களில் பாதிக்கு மேல் முதுகில் டேங்க்கைச் சுமந்து, ஒரு கையால் பம்ப் அடித்துக்கொண்டே மறு கையால் குழலை வீசியபடி நடந்துகொண்டிருந்தன. காய்க்கு மருந்து அடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்திருப்பது ஒன்று, வாங்குகிற வெண்டைக்காய்க்குக் கீழே ஒருவன் நின்று அதை அடித்துக் காட்டுவது வேறொன்று.

மாரப்பன் அந்தச் சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த ஆள். நூல் மில்லில் பஞ்சு பிரிக்கிற கூடத்தில் வேலை, வயது நாற்பத்தொன்று, வாய் திறந்து பேசுவது அபூர்வம், ஆனால் ஒவ்வொரு வெண்டைக்காயின் நுனியையும் ஒடித்துப் பார்க்காமல் பையில் போடமாட்டான். அவனுக்கு முன்னால் அவனுடைய மூக்கு வந்து சேரும் என்று சந்தையில் கேலி உண்டு. அவ்வளவு நீளமான, நடுவில் வளைந்த மூக்கு. அவன் மனைவி துளசிமணிக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து, அந்தப் பங்குனியில் ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. மூன்றாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அவன் மனதில் இல்லை.

டாக்டரம்மா, "எல்லாக் காயும் சாப்பிடட்டும், நல்லாக் கழுவிச் சமைங்க, அது போதும்" என்றார். துளசிமணியின் அக்கா சுலோச்சனாவுக்கு அது போதவில்லை. கோயமுத்தூரிலிருந்து காரில் வந்து இறங்கியவள், உட்காருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"மாப்ளே, இந்தத் தடவையாச்சும் அவ வாயில வெக்கிறது பூராவும் ஆர்கானிக்கா இருக்கோணும். அரிசி, பருப்பு, காய், பழம், வெங்காயம், உப்புகூட."

"உப்புக்கு யாருக்கா மருந்து அடிக்கறாங்க?" என்றாள் துளசிமணி.

"நீ சும்மா இரு. மாப்ளே, காசைப் பார்க்காதீங்க."

காசைப் பார்க்காதீங்க என்று சொல்வது, காரில் வந்து காரில் போகிறவர்களுக்கு எளிது. மாரப்பன் தலையை மட்டும் ஆட்டினான்.

சந்தையின் தெற்கு ஓரத்தில் நாச்சிமுத்து என்பவர் பல வருஷமாக இயற்கைக் காய் விற்றுவந்தார். மற்றவர்கள் தக்காளியை முப்பதுக்குக் கொடுத்தால் அவர் அறுபதுக்குக் கொடுப்பார், சொத்தைக் கத்தரியும் அதில் இரண்டு கிடக்கும். அந்த வாரம் மாரப்பன் அவரிடம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, தக்காளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற ஒருத்தர் கத்தினார்.

"ஏனப்பா நாச்சிமுத்து! உன்ற தக்காளிக்கும் முதுகுல டேங்க்கு இருக்குது!"

இருந்தது. குடுமியும் குட்டை வேட்டியுமாக நாச்சிமுத்துவேதான், டேங்க்கைச் சுமந்து வரிசை வரிசையாக வீசிக்கொண்டு போனார்.

"அது சாணியும் கோமியமும் கலக்குன கரைசலுங்க. பூச்சிக்கு இஞ்சி, பூண்டு, பச்சமொளகா அரைச்சு ஊத்தறனுங்க" என்றார் அவர்.

"மொளகாயரைச்சுக் கொழம்பு வெக்கலாம். அதுக்கு எதுக்கய்யா டேங்க்கு?"

கூட்டம் சிரித்தது. சிரிப்புக்கு நடுவில் மாரப்பன், பொறுக்கி வைத்திருந்த தக்காளிகளை ஒவ்வொன்றாகக் கூடையிலேயே திருப்பி வைத்தான். நாச்சிமுத்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தையின் நடுவில் வெள்ளிங்கிரியின் கத்தரிக்குக் கீழே டேங்க் இல்லை. ஒருவன் குனிந்து சொட்டுநீர்க் குழாயின் திருகைத் திறந்துகொண்டிருந்தான், அவ்வளவுதான்; பின்னந்தலையில் உருமால் தலைப்பாகையின் முடிச்சு நுனி இரண்டும் முயல் காதுபோல ஆடின. ஊரே அங்கே மொய்த்தது. வெள்ளிங்கிரி, தன் காய் இயற்கைக் காய் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. விலை தானாகவே நாச்சிமுத்துவின் விலைக்கு ஏறிக்கொண்டது. யாராவது கேட்டால், "நானா சொன்னேன்? நெழல் சொல்லுது" என்பார். மாரப்பன் அங்கேதான் வாங்கினான். கத்தரியும் வெண்டையும் தக்காளியும் சந்தைக்குச் சந்தை வாங்கி, துளசிமணியின் தட்டில் நிறைய நிறைய வைத்தான்.

சித்திரை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மில்லில் மத்தியானச் சோற்றுக்கு மணி அடித்தது. பஞ்சுக் கூடத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் மூக்கையும் வாயையும் மூடித் துண்டு கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். இல்லாவிட்டால் சாயங்காலம் நெஞ்சிலிருந்து பஞ்சாகவே வரும். மாரப்பன் துண்டை அவிழ்க்காமலேயே கை கழுவ வெளியே வந்தான். வெள்ளையடித்த சுவரில் அவன் நிழல் விழுந்தது. பிறந்ததிலிருந்து அவனுக்கு முன்னால் நடந்து போகிற அந்த மூக்கு, நிழலில் இல்லை. நெற்றியிலிருந்து தாடைவரை துண்டு ஒரே சரிவாக இறங்கியிருந்தது. பின்னந்தலையில் முடிச்சின் நுனி இரண்டும் முயல் காதுபோல ஆடின.

அவன் சோற்றுப் போசியைத் திறக்காமல் சைக்கிளை எடுத்தான்.

வெள்ளிங்கிரியின் விரிப்புக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கத்தரியை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குழாயைத் திறக்கிற மனிதன் குனிந்தான், நிமிர்ந்தான், பக்கவாட்டில் திரும்பினான். அவனுக்கு மூக்கு இல்லை. ஊர் முழுக்க உருமால் என்று நினைத்தது உருமால் அல்ல, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிய துண்டு. தண்ணீரைத் திறந்துவிடுகிறவன் எதற்காக மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும்? தண்ணீரோடு அவன் வேறெதையோ கலந்து வேருக்கு விடுகிறான், அதன் காற்று தன்மேல் படக்கூடாது என்று நினைக்கிறான். மில் வேலைக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, தெற்கு ஓரத்துக்குப் போனான். நாச்சிமுத்துவின் கூடைகள் நிறைந்தே கிடந்தன. அடுத்த மாதம் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போகப்போவதாகப் பேச்சு. மாரப்பன் ஒரு தக்காளியை வெயிலில் வைத்தான். டேங்க் சுமந்த நாச்சிமுத்து வரிசையை முடித்து, திரும்பி, டேங்க்கை இறக்கி வைத்து, அதே கையால் செடியிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து வேட்டியில் துடைத்துக் கடித்தார். கடித்தபோது, மூக்கு முழுசாகத் தெரிந்தது.

"ரெண்டு கிலோ போடுங்க" என்றான் மாரப்பன்.

"டேங்க்கு இருக்குதுங்களே?" என்றார் நாச்சிமுத்து, தராசைத் தொடாமல்.

"மூக்கும் இருக்குதுங்களே."

பக்கத்தில் நின்ற எலுமிச்சைக்காரி அதைக் கேட்டாள். அவள் கேட்டால் சந்தை கேட்ட மாதிரி. பொழுது சாய்வதற்குள் ஊத்துக்காரன்பாளையம் முழுவதும் குனிந்து குனிந்து மூக்குத் தேடியது, நாச்சிமுத்துவின் கூடைகள் காலியாயின, வெள்ளிங்கிரியைப் பார்த்து, "ஏனுங், உங்க ஆளுக்குச் சளியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு வந்தது பணக் கஷ்டம். அரிசியிலிருந்து வெங்காயம்வரை எல்லாவற்றையும் நாச்சிமுத்துவிடமும் சுலோச்சனா சொன்ன கடையிலும் வாங்கியதில், மாதத்தின் மூன்றாவது வாரத்துக்குள் சம்பளம் கரைந்தது. பிரசவத்துக்கென்று வைத்திருந்ததில் கை வைக்க வேண்டி வந்தது. மாரப்பன் தன் தட்டில் காயைக் குறைத்துக்கொண்டான், பிறகு காயே இல்லாமல் ரசத்தோடு எழுந்துகொண்டான். துளசிமணி அதைக் கவனித்தாள், ஆனால் அவனிடம் நேராகச் சொன்னால் தலையைத்தான் ஆட்டுவான் என்பதால் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பின்வாசல் வெயிலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய சாதாரணச் சின்ன வெங்காயத்தை அவள் உரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கூப்பிட்டாள்.

"ஏனுங்க, ஓடியாங்க! இந்தாளு சட்டையக் கழட்டுனா, சட்டையோட போயிடறாரு!"

அவன் வந்து பார்த்தான். வெங்காயத்துக்குக் கீழே மூக்கில்லாத ஒருவன் நின்றான். அவள் மேல்தோலை உரித்தாள். அடுத்த தோலையும் உரித்தாள். அவன் தோலோடு தோலாக எழுந்து முறத்துக்குப் போய்விட்டான். உரித்த வெங்காயத்துக்குக் கீழே, வெகுநாளைக்குப் பிறகு, வெறும் வெங்காயத்தின் நிழல், உருண்டையாக, சாதுவாகக் கிடந்தது.

அன்று பகல் முழுவதும் இருவரும் வெயிலோடு வெயிலாக நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து, வீட்டில் இருந்ததையும் அக்கம்பக்கத்தில் கிடைத்ததையும் உரித்தும் நறுக்கியும் பார்த்தார்கள். பூண்டு, வாழைப்பழம், தேங்காய், பூசணி, பட்டாணி, இவற்றிலெல்லாம் ஆள் தோலோடு போனான். தக்காளியில் போகவில்லை; நாலாக நறுக்கினால் நாலு பேராக நின்றான். வெண்டையில் ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவன் நின்றான். காலிஃபிளவரைப் பிய்த்தால் ஒரு ஊரே நின்றது. கீரையைப் பல தண்ணீர் விட்டு அலசினால் வெளுத்தான், உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்தால் இன்னும் கொஞ்சம் வெளுத்தான், ஆனால் போகவில்லை. எல்லாவற்றிலும் கருப்பாக நின்றது கறிவேப்பிலைக்காரன். பைசா வாங்காமல் கடைசியில் கொசுறாகப் பையில் திணித்துவிடுகிற கறிவேப்பிலை.

"சும்மா குடுத்ததுதான் நெம்ப வெலை போலிருக்குது" என்றாள் துளசிமணி. பிறகு நாச்சிமுத்துவின் வெங்காயம் ஒன்றை எடுத்து உரித்தாள். நாச்சிமுத்துவும் தோலோடு எழுந்து போனார். "பாருங்க, நல்ல மனுசனை ரெட்டை வெலை குடுத்து வாங்கி, உரிச்சுத் தூக்கி எறியறோம். அவரைத் தக்காளியில வாங்குங்க, கீரையில வாங்குங்க, மொளகாயில வாங்குங்க. வெங்காயத்துக்கு எதுக்கு அவரு? மிச்சக் காசுல நீங்களும் நாலு துண்டு காய் திங்கலாம்."

மாரப்பன் அந்த வாரத்திலிருந்து இரண்டு பையோடு போனான். தோலோடு தின்கிற காய் ஒரு பையில், அதற்குக் கேட்ட விலை. உரித்துத் தின்கிற காய் இன்னொரு பையில், அதற்கு யாரிடம் மலிவோ அவரிடம். வீட்டுப் பின்வாசலில் பழைய வாளியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டான். அவன் தட்டிலும் காய் விழுந்தது, செலவும் குறைந்தது, பிரசவப் பணம் பழையபடி முழுசாயிற்று. அடுத்த மாதத்தில் ஊரில் பாதிப்பேர் கையில் இரண்டு பை தொங்கியது. யார் ஆரம்பித்தது என்று யாரும் கேட்கவில்லை. சுலோச்சனா மட்டும் போனில், "அப்ப உப்பு?" என்று கேட்டாள்.

ஆடி மாதத்தில் வெள்ளிங்கிரியின் கத்தரிக்குக் கீழே இருந்த மனிதனுக்கு மூக்கு முளைத்தது. வெள்ளிங்கிரியின் தொங்கிய மூக்கேதான். சனங்கள் மறுபடி அங்கே ஒதுங்கினார்கள். மாரப்பனும் போய் உட்கார்ந்து பார்த்தான். குழாயைத் திறக்கும்போது அந்த நிழலின் தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி, இறங்காமல் நின்றன. துண்டு மறந்துபோன நாளில் பஞ்சுக் கூடத்தைக் கடக்கிறவன் அப்படித்தான் கடப்பான், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

மாரப்பன் நிமிர்ந்து வெள்ளிங்கிரியைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. ஒரே சில்லறையை மூன்று தடவை எண்ணினார். மூக்கும் இருக்குதுங்களே என்று தான் சொன்ன ஒரு சொல், இந்த மனிதனின் துண்டை அவிழ்த்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. துளசிமணி வயிற்றில் இருப்பது நன்றாக இருக்க வேண்டும் என்று சொன்ன சொல்தான்.

கூட்டம் கலைகிறவரைக்கும் காத்திருந்தான். பிறகு, வாழ்நாளில் யாரிடமும் அவ்வளவு நீளமாகப் பேசியிராதவன், பேசினான்.

"அண்ணா, துண்டைக் கட்டிக்கிட்டு விடுங்க."

"எதைத் தம்பி?"

"எதை விடறீங்களோ அதை."

வெள்ளிங்கிரிக்கு முகம் கருத்தது. "கட்டுனா ஒருத்தனும் வாங்கறதில்ல. நீதானப்பா மூக்கைப் பாருன்னு கெளப்பிவுட்டே? கூட்டுறவுக் கடன் இருக்குது, பூச்சி இருக்குது. நான் என்ன, ஆசைக்கா விடறேன்?"

"ஆசைக்கு இல்லீங்ணா. கத்தரியை விட்டுட்டு வெங்காயம் போடுங்க. பூசணி போடுங்க. துண்டு கட்டிக்கிட்டே போடுங்க, தோலோட போயிடுது. நான் உங்ககிட்டயே வாங்கிக்கறேன். வருசம் பூராவும்."

"நீ ஒருத்தன் வாங்குனா எனக்கு ஆச்சா?"

"ரெண்டு பை வெச்சிருக்கறவங்க அத்தனை பேரும் வாங்குவாங்க. ரெண்டாவது பையை எங்கியாவது ரொப்பித்தானுங்க ஆகோணும்."

வெள்ளிங்கிரி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு, அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். "எட்டேகால் ஏக்கரா இருக்குது, பாதியில போட்டுப் பாக்கறேன்" என்றார்.

ஐப்பசியில் அவருடைய வெங்காயம் சந்தைக்கு வந்தது. அதன் நிழலுக்கு மூக்கில்லை. அதை அவர் ஒளிக்கவும் இல்லை. "உரிச்சாப் போயிருவேன், உரிச்சுப் பாருங்க!" என்று கூவி, இயற்கை விலையில் பாதிக்கு விற்றார். மீதிப் பாதிக் காட்டுக்குக் கரைசல் கேட்டு நாச்சிமுத்துவின் வீட்டுக்குப் போய்வந்தார் என்றும், மூன்று நாள் நாற்றம் போகக் குளித்தார் என்றும் பேசிக்கொண்டார்கள்.

அதற்கு முன்பே, ஆவணியில், மழை பெய்த ஒரு விடியலில், துளசிமணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. முழு மாதம், முழுக் குரல். சுலோச்சனா வந்து பத்து நாள் இருந்தாள். போன பிறகு பீத்துணி அலசுகிற வேலை மாரப்பனுக்கு வந்தது. முதல் நாள் அவன் மில் துண்டை எடுத்து மூக்கைக் கட்டிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனான்.

"கட்டுங்க, கட்டுங்க," என்றாள் துளசிமணி திண்டில் சாய்ந்தபடி. "நாளைக்குப் புள்ளையை வெயில்ல போடறப்ப, உங்க மூக்கில்லாத நெழலை ஊரே பாக்கட்டும்."

"கொழந்தைக்கு எங்கிருந்து வரும் அந்த நெழலு?"

"எல்லாக் கொழந்தைக்கும் இப்ப வளக்கறவங்க நெழல்தானாம். அக்கா சொன்னா, நர்சம்மாவும் சொன்னாங்க. தானா எடுத்துத் திங்கப் பழகறமுட்டும் இருக்குமாம். பெத்தவங்க யாரும் வெளிய சொல்றதில்ல, அவ்வளவுதான்."

அவன் சிரித்தான். ஆனால் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான்; அன்றிலிருந்து மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டே அலசினான். பழகப் பழக, அது அப்படியொன்றும் நாற்றமாகத் தோன்றவில்லை.

மழை விட்ட ஒரு காலையில், எண்ணெய் தேய்த்த குழந்தையைப் பின்வாசலில், கறிவேப்பிலை வாளிக்குப் பக்கத்தில், பாயில் கிடத்தினார்கள். வெயில் ஓட்டுக் கூரையைத் தாண்டி மெல்ல இறங்கி முதலில் கன்றின்மேல் விழுந்தது. கன்றுக்குக் கீழே மாரப்பனின் நிழல் சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. பிறகு வெயில் பாய்க்கு வந்தது. குழந்தைக்குப் பக்கத்தில், குழந்தையின் நீளத்தில், ஒருத்தி முக்காலியில் உட்கார்ந்து எதையோ உரித்தாள்; அவளுக்கு எதிரே ஒருவன், இரண்டு கையிலும் இரண்டு பையோடு, அப்போதுதான் வந்தவன்போல நின்றான். மாரப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அந்த மனிதன் பைகளை இறக்கி வைத்துவிட்டுப் பக்கவாட்டில் திரும்பினான். அவனுக்கு முன்னால், நீளமாக, நடுவில் வளைந்து, பாயின் ஓரத்தைத் தாண்டி மண்வரைக்கும் நீண்டு கிடந்தது மூக்கு.

"ஐயோ," என்றாள் துளசிமணி, குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தபடி, "இந்த மூக்கு நெழலோட நிக்கட்டும் சாமி, இவளுக்கு வேண்டாம்."